குரல் கொடுக்காமல் வந்தவள்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ‘சம்மதிக்கிறேன்’ என்ற பொத்தானை அதிக தடவை அமுக்கிய விரல் என்னுடையதாகத்தான் இருக்கும். பழவேற்காடு கடைத்தெருவில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், வருமானச் சான்றிதழ், ஆதாரில் தப்பாய் விழுந்த பிறந்த தேதி, படகுப் பதிவு, புதுப் போனில் ஆப் ஏற்றிக் கொடுப்பது, எல்லாம் என் தலையில்தான். கோட்டைக்குப்பத்திலிருந்தும் தோணிரேவிலிருந்தும் வருகிறவர்கள் போனை மேசைமேல் வைத்து, “பாத்துப் போட்டு வெய்யி, டீ குடிச்சிட்டு வந்துடறேன்” என்று போய்விடுவார்கள். திரையில் நீளமாய் என்னவோ ஓடும். அடியில் ‘முழுவதும் படித்தேன், சம்மதிக்கிறேன்’ என்று இருக்கும். நான் படித்ததே இல்லை. ஊருக்கெல்லாம் சேர்த்துச் சம்மதித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருந்தது. அதை இரண்டு வருடம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன். என் நைனாவை, பெற்ற அப்பாவையே, நான் வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தால் பழையபடி என்னை நம்புவாரா என்பதுதான் அந்த இரண்டு வருடமும் என்னை அரித்த கவலை.

நைனாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. கோட்டைக்குப்பத்தில் வீடு, நானும் என் வீட்டுக்காரரும் இருக்கும் வீட்டுக்கு அடுத்த வாசல். சின்ன ஃபைபர் படகு ஒன்று வைத்திருக்கிறார். வலை போடும் நாட்களில் கூட ஆள் இருக்கும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் தூண்டிலை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போவார். அந்த நாளில் சங்கரா மீன் வரும், ஒவ்வொன்றும் முழங்கை நீளத்துக்கு, சிவக்கச் சிவக்க. எங்கே பிடித்தாய் என்று கேட்டால் “வழியில கெடச்சுது” என்பார். கடலில் என்ன வழி? கடலடியில் ஒரு பாறை இருக்கிறது, மீன் அதைச் சுற்றித்தான் கிடக்கிறது, அது நைனாவுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பாறை எங்கே என்பது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. கல்யாணமானதிலிருந்து அம்மாவிடம் தான் மறைத்த ஒரே விஷயம் அதுதான் என்று நைனா பெருமையாகச் சொல்வார். “ஒன்னே ஒன்னுதானா?” என்று அம்மா கேட்பாள்.

அந்தப் பாறையைக் காப்பாற்ற அவர் பண்ணுகிற கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் தாண்டியதும் எல்லாரும் பார்க்கும்படி தெற்கே திரும்புவார். மற்ற படகுகள் கண்ணுக்கு மறையும்வரை அப்படியே போவார். அதற்கப்புறம் எந்தப் பக்கம் திரும்புவார் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. எதிர்வீட்டு மாமா ஒருமுறை பின்னாலேயே படகை ஓட்டிக்கொண்டு போனார். நைனா நடுக்கடலில் இஞ்சினை அணைத்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படகிலேயே படுத்துவிட்டார். மாமா வெயிலில் காய்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். இன்றுவரை அந்தக் கதையை மாமாவே சொல்லிச் சிரிப்பார். மற்ற படகுக்காரர்கள் ஜிபிஎஸ் கருவி வாங்கியபோது நைனா வாங்கவில்லை. “அதுல புள்ளி வெச்சா, மெஷினைத் தூக்கினு போறவன் என் பாறையையும் சேத்துத் தூக்கினு பூடுவான்” என்றார்.

கச்சான் காற்று பேய்பிடித்த மாதிரி அடித்த ஒரு நாளில்தான் என் திருட்டுத்தனம் தொடங்கியது. அன்றைக்கு நைனா தனியாகப் போயிருந்தார். வழக்கமாகப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவார். பன்னிரண்டாயிற்று, ஒன்றாயிற்று. போன் அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைப் பிடித்துக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. கடையை மூடிவிட்டு அம்மாவும் நானும் கரையில் போய் நின்றோம். மூன்று மணிக்குப் படகு வந்தது. இறங்கியவர், “இஞ்சின் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு” என்று சொல்லிவிட்டு மீன் கூடையை நீட்டினார். அம்மா அழுதாள். நான் கரையே அதிரக் கத்தினேன். “இன்னாத்துக்கு இப்ப கூவற? வந்துட்டேன் இல்ல?” என்றார்.

மறுநாள், போன் மெதுவாக ஓடுகிறது, சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி வாங்கினேன். அவர் எங்கே இருந்தாலும் என் போனில் தெரியும்படி மாற்றினேன். ‘எப்போதும் பகிரச் சம்மதமா?’ என்று கேட்டது. அமுக்கினேன். அதுதான் எனக்குப் பழகிய வேலையாயிற்றே.

அன்றிலிருந்து என் போனுக்குள் ஒரு நீலப் புள்ளி குடிவந்தது. ஒரு ஜெராக்ஸுக்கும் அடுத்த ஜெராக்ஸுக்கும் நடுவில் எடுத்துப் பார்ப்பேன். புள்ளி முகத்துவாரம் தாண்டும், தெற்கே போகும், திரும்பும், ஓரிடத்தில் போய் அசையாமல் நிற்கும். சிக்னல் வந்து வந்து போனாலும் அந்த இடம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஊரே தேடிய பாறை, சான்றிதழ் வரிசைக்கு நடுவே என் உள்ளங்கையில் கிடந்தது.

பயத்தில் ஆரம்பித்தேன் என்பது உண்மை. ஆனால் பயம் ஒரு மாதத்தில் போய்விட்டது, பார்ப்பது மட்டும் போகவில்லை. பார்க்கப் பார்க்க ருசி கண்டுவிட்டது. நைனாவுக்குச் சர்க்கரை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புள்ளி டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் சாயங்காலம் வீட்டில், “டீல எத்தினி ஸ்பூன் போட்ட?” என்று கேட்பேன். அவர் திடுக்கிட்டு, டீக்கடைக்காரர்தான் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து நான்கு நாள் அவரோடு பேசாமல் இருந்தார். பாவம் அந்த மனிதர். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அம்மாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். புள்ளி முகத்துவாரத்துக்குள் நுழைந்ததும் அம்மாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். உடனே உலை வைப்பாள். நைனா கரையேறி, கை கால் கழுவி, வந்து உட்காரும்போது சோறு ஆவி பறக்கும். இது தினமும் நடந்தது. நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. “நான் எத்தினி மணிக்கு வந்தாலும் அப்பதான் வடிக்கிறா. என் பொண்டாட்டிக்கு வயித்துலயே தெரிஞ்சுபூடும்” என்று கரையில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். மற்ற ஆண்கள் வீட்டுக்குப் போய் அவரவர் மனைவியிடம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் சாமி படத்தைப் பார்த்தாற்போல் முகத்தை வைத்துக்கொள்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மீன்வளத்துறையிலிருந்து அந்த வெள்ளை டப்பா வந்தது. சாப்பாட்டு டப்பா அளவு இருக்கும். எல்லாப் படகிலும் அதைப் பொருத்த வேண்டும், படகு எங்கே இருக்கிறது என்று கரையில் ஓர் அறையிலிருந்து பார்ப்பார்கள், ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் போதும் என்று சொன்னார்கள். அதோடு போனில் ஓர் ஆப். அதில் ஒவ்வொருவரும் சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுத்தால்தான் படகுப் பதிவு புதுப்பிக்கப்படும்.

மீன் ஏலம் விடும் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். வந்த அலுவலர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர், வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். என்னை மடிக்கணினியோடு முன்னால் உட்கார வைத்தார். “ரொம்ப சிம்பிள்தான். எல்லாரும் பேரைச் சொல்லிட்டா மேடம் ஓகே பண்ணிடுவாங்க, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்” என்றார். நானும் விரலை நீவிவிட்டுக்கொண்டேன்.

பின்வரிசையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த நைனா எழுந்தார்.

“அதுல இன்னா எழுதிகீது?”

“வழக்கமான கண்டிஷன்ஸ்தான் ஐயா.”

“அதான் இன்னான்னு கேக்கறேன். எங்க ஊர்ல ஒரு கட்டுப்பாடுன்னா எல்லார் காதுலயும் விழுற மாதிரி படிக்கணும். அப்பாலதான் கை தூக்குவோம். ஏரில பாடு பிரிக்கறப்போகூட அப்டித்தான்.”

பாடு என்பது எங்கள் பக்கத்து முறை. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று சீட்டுப் போட்டு முறை வைப்போம். அதைச் சத்தமாகப் படித்து, எல்லாரும் கேட்டு, சரி என்றால்தான் செல்லும். வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பவனுக்குக்கூட ஆள் அனுப்பிச் சொல்வார்கள். அந்த முறையை ஒரு போன் ஆப்புக்கும் வைப்பார்கள் என்று நானும் நினைக்கவில்லை, ஆப் செய்தவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள். அலுவலர் என்னைப் பார்த்தார். நான் நைனாவைப் பார்த்தேன். “படி பாப்பா” என்றார்.

மைக்கை வாங்கி ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக. “இதன்கண் பயனாளர் எனக் குறிப்பிடப்படுபவர், தாம் வழங்கிய அல்லது தம்மிடமிருந்து பெறப்பட்ட தகவல்களை” என்று ஒரு வாக்கியம் போய்க்கொண்டே இருந்தது, எனக்கு மூச்சு முட்டியது. ஒரு பத்தி முடிந்ததும் நிறுத்தச் சொல்வார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று சண்டை நடக்கும். பிறகு “மேல படி” என்பார்கள். வலையூசிகள் ஓடிக்கொண்டே இருந்தன. யாரோ எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார்கள். அரை மணி நேரம் என்று சொன்னது பொழுதே சாய்கிறவரைக்கும் போயிற்று. எனக்கோ அன்றைக்குக் குஷி தாங்கவில்லை. இத்தனை வருடமாய் நான் எதற்கெல்லாம் சம்மதித்திருக்கிறேன் என்று பாதி மனசு பதறினாலும், மீதிப் பாதி சிரித்துக்கொண்டே இருந்தது.

“‘தகவல்கள் தேவைப்படும் காலம் வரை வைத்திருக்கப்படும்.’”

“யாருக்குத் தேவைப்படற காலம் வரிக்கும்? அது இன்னா கருவாடா, காய வெச்சி எடுத்து வெச்சிக்க?” என்றார் எதிர்வீட்டு மாமா.

“‘தேவையெனில் மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்.’”

“நாம ஒன்னு. ஆபீஸு ரெண்டு. அந்த மூணாவது ஆளு யாரு சார்? அவரையும் இட்டுகினு வாங்களேன், மூஞ்சப் பாப்போம்.”

அலுவலர் தாள்களைப் புரட்டினார். முன்னும் பின்னும் புரட்டினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “உண்மையச் சொன்னா, நானும் முழுசா இப்பதான் கேக்கறேன்” என்றார். கொட்டகை முழுக்கக் கைதட்டியது. அந்த நிமிடத்திலிருந்து அவர் எங்கள் ஆள் ஆகிவிட்டார். ஒரு பெண்மணி எழுந்து போய் ஈ விழுந்திருந்த அவர் டீயைக் கொட்டிவிட்டு வேறு டீ கொடுத்தாள்.

அதற்கடுத்த பத்தி வந்தது. “‘பிற பயனாளர்களின் நலன் கருதி, மீன் பிடிக்கப்பட்ட இடங்கள் பொது வரைபடத்தில் காட்டப்படலாம்.’”

ஊசிகள் நின்றன. “அப்பாடா!” என்று எதிர்வீட்டு மாமா தொடையில் தட்டினார். எல்லாரும் நைனாவைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு மாமாவுக்கே உறைத்தது. “இருங்க இருங்க. என் எடமும் தெரியுமா?” என்றார். சிரிப்பு அடங்கிப் பெரிய கூச்சலாயிற்று. ஆளாளுக்கு ஒரு பாறை வைத்திருந்திருக்கிறார்கள்.

நைனா கூச்சல் அடங்கும்வரை நின்றிருந்தார். அப்புறம் நிதானமாகப் பேசினார்.

“சார், எங்க ஏரில இன்னொருத்தன் வலைகிட்ட போவணும்னா இன்னா பண்ணுவோம் தெரியுமா? தூரத்துலயே கொரல் குடுப்போம். ‘வர்றேன்’னு. அவன் ‘வா’ன்னுவான். அப்பாலதான் கிட்ட போவோம். கையால எறா தடவுற பொம்பளைங்ககூட அப்டித்தான். கொரல் குடுக்காம வர்றவன் ஒன்னியும் எடுக்கலன்னாலும் திருட வந்தவன்தான். டப்பா வெக்கறேன், தப்பில்ல. உசுருக்கு நல்லது. ஆனா அந்த ரூம்ல குந்திகினு பாக்கறவன் எப்ப பாக்கறான், எதுக்குப் பாக்கறான்னு எனுக்கு எப்டி தெரியும்? அவன் கொரல் குடுப்பானா?”

எல்லாரும் விசில் அடித்தார்கள். நான் மட்டும் அடிக்கவில்லை. இடுப்பில் சொருகியிருந்த என் போனுக்குள் நீலப் புள்ளி அந்தக் கொட்டகையிலேயே, பின்வரிசையில் நின்றிருந்தது.

அலுவலருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “நல்ல கேள்வி ஐயா. உங்க லொகேஷன் இப்ப யாருக்கெல்லாம் போவுதுன்னு உங்க போன்லயே பாக்கலாம். நிறைய பேருக்குத் தெரியாது. உங்க போனையே குடுங்க, எல்லாருக்கும் காட்டறேன்” என்று கையை நீட்டினார். நைனா சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பிளாஸ்டிக் உறையைக் கழற்றினார். முன்னால் வந்து கொடுத்தார்.

தப்பித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். மின்சாரம் போகக்கூடாதா, மழை வரக்கூடாதா என்று வேண்டினேன். ஆனால் இன்னொருவர் வாயால் அது வெளியே வருவதை என்னால் தாங்க முடியாது என்று பட்டது. மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“நான்தான் பாக்கறேன் நைனா” என்றேன். கொட்டகைக்கு வெளியேயும் கேட்டது. கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

நைனா என்னை முறைக்கவில்லை. புரியாமல் பார்த்தார். “எத்தினி நாளா?”

“ரெண்டு வருசமா.”

எதிர்வீட்டு மாமாதான் முதலில் கணக்குப் போட்டு முடித்தார். “அப்போ பாறை எங்க கீதுன்னு உனுக்குத் தெரியும்!” என்று கத்தினார். கொட்டகை முழுக்கத் தலைகள் என் பக்கம் திரும்பின.

“தெரியும். என் வீட்டுக்காரருக்குக்கூடச் சொல்லல. சொல்லவும் மாட்டேன்” என்றேன்.

நைனா அலுவலர் கையிலிருந்து போனைத் திரும்ப வாங்கி உறைக்குள் போட்டார். “கொரல் குடுக்காம வந்துகினு இருந்தியே பாப்பா” என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எங்கள் குடும்பத்துக்கு அதுதான் பழக்கம். தைத்துக்கொண்டிருந்த வலையை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் வலையை அப்படிப் போட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததில்லை.

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. போனை அரிசி டப்பாவுக்குமேல் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனார். நீலப் புள்ளி அம்மாவின் அடுப்பங்கரையிலேயே கிடந்தது. கடையில் உட்கார்ந்து நான் யாருக்கோ சாதிச் சான்றிதழில் ஊர்ப்பெயரைத் தப்பாக அடித்தேன். என் வீட்டுக்காரர் மீஞ்சூரில் ஃபேக்டரி வேலை முடிந்து வந்து, “போய் மன்னிப்பு கேளேன்” என்றார். கேட்டேன். சாயங்காலம் அவர் எதிரே போய் நின்று, “தப்புதான் நைனா” என்றேன். சுவரைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு சரி என்றா, போ என்றா தெரியாமல் வந்துவிட்டேன். நான் செய்தது பயத்தினால் என்று எனக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். டீக்கடை சர்க்கரைக்கு என்ன பயம் என்று மனசு திருப்பிக் கேட்டது.

நான்காம் நாள் அம்மாவின் சோறுதான் எங்களைக் காப்பாற்றியது. அந்த மூன்று நாளும் அம்மாவுக்கு மிஸ்டு கால் இல்லை. முதல் நாள் சோறு ஆறி அவலாய்க் கிடந்தது. அடுத்த நாள் குழைந்துவிட்டது. அதற்கடுத்த நாள் பழைய சோறு. நான்காம் நாள் நைனா வந்து உட்கார்ந்தபோது உலையே வைத்திருக்கவில்லை. நான் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நைனா காலித் தட்டைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். அரிசி டப்பாமேல் இருந்த போனைப் பார்த்தார். கடைசியில் அம்மாவைப் பார்த்தார்.

“இன்னாமே. அப்போ நீயும் கூட்டா?”

அம்மா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். “பின்ன? என் வயித்துக்குள்ள மணி அடிக்குதுன்னு நெனச்சியா?”

நைனாவின் முகம் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, அம்மா தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்து, அதையும் துப்பிவிட்டார். “ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனே! எத்தினி பேரு வூட்ல சண்ட ஆச்சு!” என்றார். நானும் சிரித்தேன், கையில் வெங்காயம் இருந்ததால் அழுததும் தெரியவில்லை. பசியோடு மூன்று பேரும் உட்கார்ந்து சிரித்த அந்த மத்தியானத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மறுநாள் கடைக்கு வந்தார். வரிசையில் நின்றார். முறை வந்ததும் போனை மேசைமேல் வைத்தார். “போடு. ஆனா ரெண்டு பக்கமும் போடு. உன்னுதும் எனுக்குத் தெரியணும். யாரு பாத்தாலும் மொதல்ல கொரல் குடுக்கணும். பேசி அனுப்பு. நான் ‘பாரு’ன்னு சொன்னாதான் பாக்கணும்.”

“நீ பதில் சொல்லலன்னா?”

“காத்து அடிச்சி, கரைக்கு வர்ற நேரமும் தாண்டிப்போச்சுன்னா பாத்துக்க. அதுக்குத்தானே வெக்கறோம்.”

இந்த முறை அவர்தான் ‘சம்மதிக்கிறேன்’ பொத்தானை அமுக்கினார். அதற்கு முன் எல்லா வரியையும் என்னைப் படிக்க வைத்தார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். முனகட்டும்.

வேவு பார்க்கப்படுவது எப்படியிருக்கும் என்று அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை என்று கடை வாசலில் எழுதி மாட்டிவிட்டு, என் வீட்டுக்காரரோடு மீஞ்சூரில் பிரியாணி சாப்பிடப் போனேன். இலையில் கை வைத்த நேரம் நைனாவின் குரல் வந்தது. பின்னால் அலைச் சத்தம். “பாப்பா, பாக்கறேன்.” வாயில் பிரியாணியோடு, யோசிக்காமல், “பாரு நைனா” என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. “இன்னா பாப்பா, சர்வர் மீஞ்சூர்லயா கீது?” என் வீட்டுக்காரர் டம்ளர் தண்ணீரைத் தட்டிவிட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் எங்கே போனால் இவருக்கென்ன என்று சுருக்கென்று இருந்தது. பிறகுதான் இரண்டு வருடம் ஞாபகம் வந்தது.

அன்றைய கூட்டம் யாரும் கை தூக்காமலே கலைந்திருந்ததால், அடுத்த மாதம் அலுவலர் மறுபடி வந்தார். இந்த முறை படிக்க வேண்டிய காகிதம் எங்களுடையது. ஊர் கூடிச் சொல்ல, நான் எழுதினேன். டப்பாவுக்குச் சம்மதம். மீன் பிடித்த இடத்தைப் பொது வரைபடத்தில் காட்டச் சம்மதமில்லை. மூன்றாம் ஆள் யாரென்று பெயர் சொல்லாமல் அவருக்குத் தகவல் கொடுக்கச் சம்மதமில்லை. எங்கள் படகை யாராவது திறந்து பார்த்தால், பார்த்தவர் யார், எதற்காக என்று எங்களுக்குச் சொல்ல வேண்டும். நைனா எழுந்து, “பாக்கறவங்க கொரல் குடுக்கணும்னு அப்டியே எழுதிக்கோங்க சார். வேற மாதிரி மாத்திடாதீங்க” என்றார். அலுவலர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வரைபடத்தை அன்றைக்கே அணைத்துவிட்டார்கள், அது அலுவலர் கையிலேயே இருந்த விஷயம். மூன்றாம் ஆள் விஷயம் மேலே போயிருக்கிறது, இன்னும் மேலேயே இருக்கிறது. நான் மாதாமாதம் கடிதம் போடுகிறேன். இன்னொன்று அவர் தானாகச் செய்தார். படகுகளைப் பார்க்கிற அந்த அறையில் ஒரு நோட்டு வைத்து, படகைத் திறந்து பார்க்கிறவர்கள் பெயரும் காரணமும் எழுத வேண்டும் என்று சொல்லி, மாத முடிவில் அந்தப் பக்கத்தை ஏலக் கொட்டகையில் ஒட்டினார். முதல் மாதம் ஒரே வரிதான் இருந்தது. எதிர்வீட்டு மாமாவின் படகு, தவறுதலாகச் சிவப்புப் பொத்தான் அமுக்கப்பட்டது. மாமா அதன்மேல் உட்கார்ந்துவிட்டாராம். ஊரே வரிசையில் நின்று அந்தப் பக்கத்தைப் படித்தது.

நான் இப்போது முன்போல் பார்ப்பதில்லை. குரல் கொடுக்க வேண்டும் என்று வந்தபின், கொடுக்குமளவுக்குக் காரணம் இருக்கிறதா என்று யோசித்தால் பெரும்பாலும் இருப்பதில்லை. போன மாதம் ஒரு காலையில் கச்சான் காற்று கொஞ்சம் தூக்கியது. கடையில் கை ஓடவில்லை. “நைனா, பாக்கறேன்” என்று அனுப்பினேன்.

‘பாரு’ என்று பதில் வரவில்லை. அவர் வீடியோ கால் வந்தது. அதை எப்படிப் போடுவது என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே இல்லை. முதலில் அவர் மூக்கு தெரிந்தது. பிறகு வானம். படம் மூன்று தடவை உறைந்தது. அப்புறம் ஒரு சங்கரா மீன், தூண்டிலில் துடித்துக்கொண்டு. “தெரியுதா?” என்றார். தெரிகிறது என்றேன். “அது இல்ல பாப்பா. அதுக்குப் பின்னால பாரு.”

மீனைக் கீழே இறக்கினார். தூரத்தில் கரை. கலங்கரை விளக்கம் நின்றது. அதற்கு நேர் பின்னால், அதன் தோளில் முளைத்த மாதிரி, ஓர் ஆலையின் புகைபோக்கி. இரண்டும் ஒரே கோட்டில். நாற்பது வருடமாய் அவர் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். அம்மாவுக்குக்கூடக் காட்டாதது. என் நீலப் புள்ளிக்கு அது தெரிந்திருக்கவே இல்லை.

“இதான் என் எடம்” என்றார் நைனா. “வா.”

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் போனை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு, “வந்துட்டேன் நைனா” என்றேன்.